பாவு தின்ன வந்த எலிகள்

போன வாரம் எங்கள் ஆனையூர் வீட்டுக்கு எலி மருந்து வைக்க ஒருவர் வந்தார். மருமகள் போன் போட்டு வரவழைத்திருந்தாள். சட்டைப் பையில் கம்பெனி முத்திரை, கையில் ரப்பர் உறை, மூக்கை மறைத்து ஒரு துணி. அடுப்படியில் சிலிண்டருக்குப் பின்னாலும் மாடிப்படிக்குக் கீழேயும் நீல நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகளை வைத்துக்கொண்டே வந்தவர், நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு எனக்குத் தைரியம் சொன்னார். "இதுல வாடையே இருக்காதும்மா. ருசியும் தெரியாது. தின்னுட்டு வெளிய போயிச் செத்துரும். நீங்க கண்ணால பாக்கவே வேண்டாம்."

அவர் தைரியம்தான் சொன்னார். எனக்கு அது வரவில்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மருமகள் போட்டு வைத்த காப்பியைத் தொட வேண்டும் என்று சொன்னேன். உறை போட்டிருக்கிறேனே என்று காட்டினார். பரவாயில்லை, கழுவுங்கள் என்றேன். கழுவிவிட்டு வந்தவரை இன்னொரு முறை கழுவச் சொன்னதும் மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வயதாகிவிட்டால் புத்தி பிசகத்தானே செய்யும் என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பார்க்காமல் கொல்வது என்பது எனக்கு ஒட்டாத காரியம். நான் பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டில். அறுப்பு முடிந்ததும் வரப்பு வரப்பாக எலி வளை தேடிப் போவோம். வளையின் ஒரு வாயில் மண்சட்டியை வைத்துச் சாணியும் வைக்கோலும் போட்டுப் புகைவிட்டால், இன்னொரு வாயில் எலி கண் எரிந்து வெளியே பாயும். வாலைப் பிடித்துத் தூக்கித் தரையில் ஒரே அடி. பிறகு வளையை வெட்டி, அது சேர்த்து வைத்திருந்த கதிரையெல்லாம் கூடையில் அள்ளி வருவோம். எனக்கு அதில் கை தேர்ந்திருந்தது. என்னைச் செல்லூரில் கட்டிக்கொடுத்தபோது சீரோடு சேர்ந்து போன ஒரே திறமை அதுதான். சமையல்கூடச் சுமார்தான்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. என் மாமனாரும் எங்கள் பக்கத்துச் சம்சாரிதான். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மழை தொடர்ந்து பொய்த்ததால் கலப்பையை விற்றுவிட்டு, மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு செல்லூருக்கு வந்து கூலித்தறியில் உட்கார்ந்தவர். அத்தை நான் போவதற்கு முன்பே இறந்துவிட்டார். தறியும் நூலும் முதலாளியுடையவை. உழைப்பும் முதுகுவலியும் எங்களுடையவை. கலப்பை பிடித்த கை, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவுக்குப் பழக ரொம்பக் காலம் பிடித்தது. மாமாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கடைசிவரை அது முழுதாக வரவில்லை. வீட்டில் நெசவு வந்தது என் நாத்தனார் பஞ்சவர்ணத்துக்கு மட்டும். சிறு பிள்ளையிலேயே வந்து சேர்ந்ததால் அவள் விரலுக்கு நூலின் பாஷை புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தடவி, எந்த இழை அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் வைப்பதாகப் பேசியிருந்தது.

செல்லூர்க் கண்மாய் அப்போது நிஜமாகவே கண்மாயாக இருந்தது. இப்போது போய்ப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். ஐப்பசியில் தண்ணீர் கரை தளும்ப நிற்கும். ஊர் பெருத்துக்கொண்டே வந்ததால், நேற்றுவரை நெல் விளைந்த வயலில் இன்று தெரு போட்டு வீடு கட்டியிருப்பார்கள். எங்கள் வீடும் அப்படி வந்ததுதான். சுவரில் ஓதம் இடுப்புயரம் ஏறியிருக்கும். உப்புச் சட்டியில் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தீப்பெட்டியை மடியில் வைத்துச் சூடேற்றித்தான் உரச வேண்டும். அந்த ஈரத்தில் மனிதர் சரியாக வாழவில்லை, மற்றதெல்லாம் பிரமாதமாக வாழ்ந்தது. கூரையில் தேள், அம்மிக்கு அடியில் பூரான், சாமி படத்துக்குப் பின்னால் கரப்பான். கயிற்றுக் கட்டிலைத் தெருவில் சாய்த்து வெந்நீர் ஊற்றினால் மூட்டைப்பூச்சி பொலபொலவென்று கொட்டும். அதை மிதித்து அரைக்கும்போது வருகிற வாடை இருக்கிறதே, அதைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். சுவரெல்லாம் கட்டைவிரலால் நசுக்கி இழுத்த ரத்தக்கோடு. அது யாருடைய ரத்தம் என்கிறீர்கள்? எங்களுடையதுதான்.

ஆனால் இதெல்லாம் கடித்தது எங்களை. எலி கடித்தது பாவை. அதுதான் வித்தியாசம். நெய்வதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். நூல் விறைப்பாக நிற்க வேண்டுமே. அரிசிக்கு ரேஷன் வந்த காலம். நாங்கள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, முதலாளி கொடுத்தனுப்பிய அரிசியைக் காய்ச்சிப் பாவுக்கு ஊட்டினோம். எங்களைவிட எங்கள் பாவு நன்றாகச் சாப்பிட்டது. கண்மாய் நிறைந்து வளையெல்லாம் மூழ்கியதும் வீட்டுக்குள் ஏறிவந்த எலிகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? கஞ்சியை நக்க வந்து நூலை அறுத்துப் போட்டுவிடும்.

நான் போன புதிதில் ஒரு நாள் பட்டப்பகலில் என் வீட்டுக்காரர் அலறினார். குழித்தறி தெரியும்தானே, தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே நெய்வது. அந்தக் குழிக்குள் ஒரு பெருச்சாளி புகுந்து அவர் குதிகாலைக் கவ்விவிட்டது. அவர் வெளியே பாய்ந்தார், நான் உலக்கையோடு உள்ளே குதித்தேன். அது பல்லைக் காட்டிக்கொண்டு என் மேலே ஏறியது. ஓங்க இடமில்லை. உலக்கையை நட்டுக்குத்தலாகப் பிடித்து, நெல் குத்துகிற மாதிரி குத்தினேன். குழியும் என் சேலையும் ஒரே ரத்தமாகிவிட்டன. ஏறி வந்து பார்த்தால் இவர் மயங்கிக் கிடக்கிறார். பஞ்சவர்ணம் சிரித்த சிரிப்பு கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "ஏண்ணே, மதினிய நீ பொண்ணு பாத்துக் கட்டுனியா, வேட்டைக்குப் போயிப் பிடிச்சாந்தியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வருடம் ஐப்பசியில், தறியிலிருந்த முழுப் பாவையும் எலிகள் ஒரே இரவில் அறுத்துப் போட்டன. நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, ஒரு கட்டு நூலுக்கு முதலாளிகளே வரிசையில் நின்ற நேரம். முதலாளி வந்து பார்த்தார். திட்டவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று மட்டும் சொன்னார். தறி போனால் வீட்டில் நாலு வயிற்றுக்கும் கஞ்சி இல்லை, பஞ்சவர்ணத்தின் கல்யாணமும் இல்லை. மாமாவுக்கு அன்று பிடித்தது வெறி.

எலிப்பொறி வைத்தார். சிக்கியதைத் தண்ணீர்த் தொட்டியில் பொறியோடு முக்கிப் பிடித்து, குமிழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். செத்த எலிகளை வாலில் நூல் கட்டிக் கண்மாய்க்கரைப் பூவரச மரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டார். மற்ற எலிகள் பார்த்துப் பயப்பட வேண்டுமாம். எலிகள் பயந்ததாகத் தெரியவில்லை, தெருக்காரர்கள்தான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். நானும் சளைத்தவளில்லை. விறகுக் கட்டையோடு நானும் அவரும் வீட்டுக்குள் ஓடி ஓடி அடித்தோம். ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தது.

கடைசியில் மாமா ஒரு வேலை செய்தார். ஊரில் காடு உழுத காலத்தில் வரப்போரத்து விதைக்கடலையில் பாஷாணத்தைப் புரட்டி விதைப்பார். தோண்டித் தின்கிற எலி அங்கேயே சாகும். அந்த ஞாபகத்தில், புதுப் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியில் பாஷாணத்தைக் கரைத்துவிட்டார். பாஷாணம் வாங்கப் போன வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயைச் சிதறவிட்டு, உன் வாகனத்தைச் சாகடிக்கப் போறேன், கோவிச்சுக்கிறாத என்று சொல்லிவிட்டு வந்தாராம். பிள்ளையாரிடம் சொன்னவர் எங்களிடம் சொல்லவில்லை. பரம்பரை நெசவுக்காரர் ஒருவருக்கும் இந்த யோசனை கனவிலும் வந்திருக்காது. விதைக்கடலையை யாரும் வாயில் போட மாட்டார்கள். பாவு நூலை வாயில் வைக்காமல் தறி ஓடாது.

ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன். புதுப் பாவைத் தறியில் ஏற்றும்போது, பழைய பாவில் மிச்சமிருக்கிற இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்துத் திரிக்க வேண்டும். புணைப்பது என்பார்கள். பஞ்சவர்ணம் இரண்டு நுனியையும் உதட்டில் கவ்வுவாள். எச்சிலில் கஞ்சி இளகியதும் விரலால் ஒரு திரி, ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த இழை. நாள் முழுக்க அதே வேலை, நாள் கணக்கில். எனக்கு அந்த லாகவம் வரவில்லை. காய்ப்புப் பிடித்த விரலை ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைத்து நனைத்து, அவள் பத்து இழை சேர்ப்பதற்குள் நான் ஒன்றைச் சேர்ப்பேன். அதற்கும் கேலி செய்வாள். "எச்சிக்கு நிகரு எதும் இல்ல மதினி. இந்தக் கஞ்சி, ராத்திரி நீ ஊத்துன கூழைவிடத் தேவல" என்று சொல்லிக்கொண்டே நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். பசி வேறு. துப்பவே மாட்டாள், விழுங்கிவிடுவாள்.

மறுநாளே செத்த எலிகள் விழத் தொடங்கின. தறிக்கு அடியில், உறிக்குக் கீழே, வாசலில். மாமா தனக்குள் சிரித்துக்கொண்டு அவற்றைப் பொறுக்கினார். அதே நாள் சாயங்காலம் பஞ்சவர்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாந்தி, பிறகு பேதி. எங்கள் எல்லாருக்கும் காலராவென்றுதான் தோன்றியது. காலரா என்று தெரிந்தால் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், தெருவே ஒதுக்கி வைக்கும், கல்யாணம் நிற்கும். ஆகையால் வெளியே சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டோம். சீரகத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்துபோய்ப் பாவில் உட்கார்ந்தாள். முதலாளி வருவதற்குள் புணைத்து முடிக்க வேண்டும் என்றாள். புணைத்தாள், வாந்தியெடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் புணைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிச் சில நாள் போனது. ஒரு காலையில் எலிகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்த மாமாவிடம், மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக் கோழி தின்றுவிடப் போகிறது என்று கேட்டேன்.

"எங்கயும் வைக்கல தாயி. பாவுலயேதான இருக்கு. கஞ்சியில கரைச்சு விட்டுட்டேன்ல" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

திரும்பினேன். பஞ்சவர்ணம் உதட்டில் இழையோடு குனிந்திருந்தாள். பாய்ந்து அவள் வாயிலிருந்து நூலைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் நூல் உதட்டை அறுத்து ரத்தம் வந்தது. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். மூலையில் எலியடிக்கிற விறகுக் கட்டை சாத்தியிருந்தது. அதை எடுத்து என் மாமனாரை அடித்தேன்.

ஆமாம், அடித்தேன். தோளில், முதுகில், தடுக்க வந்த கையில். மருமகள் மாமனார் முன்னால் உட்காரக்கூட மாட்டாள் அந்தக் காலத்தில். எனக்கு அதெல்லாம் அந்த நேரம் மண்டையில் இல்லை. கொல்ல வேண்டும் என்றே இருந்தது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, அவரும் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. "என்னைய ஏத்தா அடிக்கிற?" என்று கேட்டவர், நான் கைகாட்டிய பக்கம் பார்த்தார். மகளின் வாயைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். பிறகு தடுத்துக்கொண்டிருந்த கையைக் கீழே போட்டுவிட்டு, அடிக்கு முதுகைக் காட்டி நின்றார். என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து என்னை இழுத்தார்.

இவர் கையை உதறிக்கொண்டு அரிவாளை எடுத்து அந்தப் பாவை வெட்டினேன். விட்டு வைத்திருந்தால் இவர்களே கழுவிவிட்டு நெய்யலாம் என்று சொல்லியிருப்பார்கள். ஏழைகளின் புத்தி அப்படித்தான் போகும், எனக்குத் தெரியும், என்னுடையதும் அப்படித்தான் போயிருக்கும். அதனால் யோசிப்பதற்கு முன்னாலேயே வெட்டினேன். விறைத்த நூல் பட்பட்டென்று தெறித்தது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று இவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எலி அறுத்துருச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

வைகையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. ஜட்கா பிடித்துப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரை டாக்டரிடம் போனோம். என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டார். சொன்னால் போலீஸ் வரும் என்று இவருக்குப் பயம். நான் சொல்லத் தொடங்குவதற்குள் மாமா முன்னால் வந்து நின்றார். "நாந்தேன் சாமி. எம் மகளுக்கு நாந்தேன் விஷம் வச்சேன்" என்றார். டாக்டர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போலீசைக் கூப்பிடாமல் மருந்தைக் கொடுத்தார்.

பஞ்சவர்ணம் பிழைத்தாள். முதலாளி தறியைக் கழற்றிக்கொண்டு போனார், இவர் மில்லில் கூலிக்குச் சேர்ந்தார், அதெல்லாம் எப்படியோ சமாளித்தோம். ஆனால் அவள் எழுந்து நடமாடிய சில வாரங்களுக்குப் பிறகு கையிலும் காலிலும் எறும்பு ஊர்கிறது என்றாள். ஊரல் நின்ற பிறகு அங்கே ஒன்றுமே இல்லை, நரம்பை அந்த விஷம் தின்றிருந்தது. அடுப்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கினாள், தோல் வழன்று வந்த பிறகுதான் பார்த்தாள். தன் காலுக்கும் செருப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சிரித்தாள். நூலைக் கையில் கொடுத்தேன். விரலுக்கு நடுவே நூல் இருக்கிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்று சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், கொடுத்த மோரைக் குடித்தார்கள், போனார்கள். அதன் பிறகு வரவில்லை.

தறி போனதால் வீட்டில் கஞ்சி இல்லை. எலிகள் போகவில்லை. ஒரு காலையில் பாயைச் சுருட்டப் போனவள், பஞ்சவர்ணத்தின் கால்மாட்டில் ரத்தம் உறைந்திருந்ததைக் கண்டேன். இடது கால் கட்டைவிரலை எலி கொறித்திருந்தது. எலும்பு தெரிந்தது. அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளைத் தட்டி எழுப்பி இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், காலைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். மாமா வந்து பார்த்தார். அன்றிலிருந்து மகள் தூங்குகிற நேரமெல்லாம் கையில் கட்டையோடு அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். பகலில் வெயிலில் கிடந்து உறங்குவார். சாகும்வரை அந்த மனிதர் இரவில் படுத்து நான் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எந்த வருடம் போனது என்று தெரியவில்லை, போய்விட்டது. அவருக்குப் பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான் படுத்தேன்.

அந்தத் தெரு இப்போது இல்லை. குழித்தறிகளைத் தூர்த்துவிட்டு விசைத்தறி வந்தது, பிறகு அதுவும் குறைந்தது. தெருவில் பாவு நீட்டுகிறவர்கள் இல்லை, எச்சில் தொட்டு நூல் சேர்க்கிறவர்கள் இல்லை, ஐப்பசியில் கதவுவரை கேட்ட தவளைச் சத்தமும் இல்லை. கண்மாய் சுருங்கி, சாக்கடை ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. மாமா இல்லை, இவர் இல்லை. பஞ்சவர்ணம் எங்களோடு ஆனையூருக்கு வந்து, சிமெண்டுத் தரையில் பல வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

இங்கே வந்த பிறகும் நான் பழைய மாதிரியே அவள் காலைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பேன். ஒரு நாள் மத்தியானம் படுத்திருக்கும்போது கேட்டாள். "இங்கதான் எலி இல்லையே மதினி. இன்னும் எதுக்குக் காலப் பிடிச்சுக்கிட்டே கெடக்க? நீ பிடிச்சிருக்கிறதுகூட எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதுல்ல" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.